மகாவம்சம்: வரலாறா, வரலாற்று மூலமா?

இலங்கையின் பண்டைய வரலாறு பற்றிய சர்ச்சை எங்கு தொடங்கினும் ஈற்றில் மகாவம்சம் என்னும் ஒரு நூலிடமே வந்து சேர்கின்றது. கி.பி. 5ஆம் அல்லது 6ஆம் நூற்றாண்டில், அனுராதபுரத்து மகாவிகாரையைச் சேர்ந்த மகாநாம தேரரால் பாளி மொழியிற் செய்யுளாக இயற்றப்பட்டது எனக் கொள்ளப்படும் இந்நூல், விசயனின் வருகை தொடக்கம் மகாசேன மன்னனின் ஆட்சி வரையான செய்திகளை 37 அதிகாரங்களிற் கூறுகின்றது. இந்நூலை நோக்குவோர் இன்று பெரும்பாலும் இரு அணியினராகப் பிரிந்து நிற்கின்றனர். ஓரணியினர்க்கு இஃது ஐயத்துக்கு இடமற்ற வரலாறு. நாட்டின் உரிமையாளர் யார் என்பதைத் தீர்க்கும் காணி உறுதி. மற்றை அணியினர்க்கு இது பிக்குமார் புனைந்த கட்டுக்கதை. புரட்டிப் பார்க்கவும் தகாதது. முன்னையோர் நூலை வழிபடுகின்றனர். பின்னையோர் நூலைத் தூற்றுகின்றனர். இரு சாராருக்கும் பொதுவான இயல்பு ஒன்றுண்டு: எவரும் நூலை வாசிப்பதில்லை.

இதனை வெறும் ஏட்டுச் சர்ச்சை என ஒதுக்கிவிடவும் இயலாது. விசயன் இலங்கைக் கரையில் இறங்கிய நாளும் புத்தர் பரிநிர்வாணம் எய்திய நாளும் ஒன்றே என மகாவம்சம் கூறுகின்றது. இவ்விணைப்பின் பயனாகவே 1956இற் கொண்டாடப்பட்ட புத்த ஜயந்தி, பௌத்தத்தின் 2500ஆம் ஆண்டு நிறைவாக மட்டுமன்றி, ஓர் இனத்தின் 2500ஆம் ஆண்டு நிறைவாகவும் கொள்ளப்பட்டது. அதே ஆண்டிலேயே சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிய சட்டமும் நிறைவேறியது. 1972ஆம் ஆண்டின் அரசியலமைப்புப் பௌத்தத்துக்கு முதன்மையிடம் வழங்கியது. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பும் அவ்விடத்தைப் பேணிக்கொண்டது. இம்மாற்றங்களுக்குச் சமூக, பொருளாதாரக் காரணங்கள் பல உள. கற்ற மத்தியதர வகுப்பினரிடையே நிலவிய உத்தியோகப் போட்டி அவற்றுட் குறிப்பிடத்தக்கது. ஆயினும் அக்காரணங்கள் தத்தம் சொந்தப் பெயரோடு மக்கள்முன் தோன்றவில்லை. பண்டைய நூலொன்றின் ஆடையை உடுத்தே தோன்றின. ஆகவே அந்நூல் எதைச் சொல்கின்றது, எதைச் சொல்லாது விடுகின்றது, எதைச் சொல்லும் தகுதி அதற்கு உண்டு என்பன மொழியியலார்க்கும் தொல்லியலார்க்கும் மட்டுமே உரிய வினாக்கள் அல்ல.

ஒரு நூலின் நம்பகத்தன்மையை அளக்குமுன், அந்நூல் யாரால், யாருக்காக, எந்நோக்கத்தோடு எழுதப்பட்டது என்பதை அறிதல் வேண்டும். மகாவம்ச ஆசிரியர் இதில் ஒளிவுமறைவு எதுவும் வைக்கவில்லை. நல்லோர் உள்ளத்திற் சமய மகிழ்ச்சியையும் நெகிழ்ச்சியையும் எழுப்புவதே தம் நோக்கம் என்பதை அதிகாரந்தோறும் ஈற்றில் அறிவிக்கின்றார். அவர் வாழ்ந்த மகாவிகாரை, எதிர்நிறுவனமான அபயகிரி விகாரையோடு நெடுங்காலம் போட்டியிட்ட ஒரு நிறுவனமாகும். மகாசேனன் காலத்தில் அது இடிக்கப்பட்டு, அதன் பிக்குமார் துரத்தப்பட்டனர். அந்த நினைவு நூலின் ஈற்றதிகாரத்தில் ஆறாத புண்ணாக நிற்கின்றது. இத்தகைய நிறுவனம் ஒன்று தன் தொன்மையையும் தூய்மையையும் நிலைநாட்டும்பொருட்டு ஆக்கிய நூலில், மன்னர்கள் சங்கத்துக்குச் செய்த தொண்டினைக் கொண்டே அளக்கப்படுவதில் வியப்பில்லை. 37 அதிகாரங்களுள் 22 முதல் 32 வரையான 11 அதிகாரங்கள் துட்டகைமுனு ஒருவனுக்கே உரியவை. அதற்கு முற்பட்ட தீபவம்சமோ அம்மன்னனைச் சில செய்யுள்களோடு கடந்துவிடுகின்றது. துட்டகைமுனுவின் காலம் கி.மு. 2ஆம் நூற்றாண்டு என்ப. அவனுக்கும் மகாநாமருக்கும் இடையில் ஏறக்குறைய ஆறு நூற்றாண்டுகள் உள்ளன. இந்த இடைவெளியில் வளர்ந்தது வரலாறு அன்று. ஒரு காவியத் தலைவன்.

இவ்வளவும் கூறியதும் இரண்டாம் அணியினர் மகிழ்ந்து கைதட்டக்கூடும். அவர்தம் மகிழ்ச்சி நீடிப்பதற்கில்லை. இந்திய வரலாற்றின் மிகப்பெரும் புதிர்களுள் ஒன்றை அவிழ்த்தது இவ்வீழத்து நூன்மரபே என்பதை அவர் அறிதல் வேண்டும். 1837இல் ஜேம்ஸ் பிறின்செப் பிராமி எழுத்துகளை வாசித்தறிந்தபோது, இந்தியா எங்கணும் பாறைகளிலும் தூண்களிலும் பேசிய 'தேவநம்பிய பியதசி' யார் என்பது விளங்கவில்லை; அவன் இலங்கை மன்னனாக இருக்கலாம் எனவும் எண்ணப்பட்டது. அதே ஆண்டில், இலங்கையிற் பணியாற்றிய யோர்ச் டேணர், பாளி வம்ச நூல்களின் துணைகொண்டு அம்மன்னன் மௌரியப் பேரரசன் அசோகனே எனக் காட்டினார். 1915இல் மஸ்கியிற் கண்டெடுக்கப்பட்ட சாசனம் அசோகன் என்னும் பெயரையே தாங்கியிருந்து அம்முடிவை உறுதிசெய்தது.

சான்று அதனோடும் நிற்கவில்லை. 1851இல் அலெக்சாந்தர் கனிங்ஹாம் சாஞ்சிப் பகுதித் தூபங்களை அகழ்ந்தபோது வெளிப்பட்ட எலும்புப் பேழைகளில் மஜ்ஜிமர், இமயப்பகுதியின் ஆசிரியரான காசபகோதர் முதலியோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருந்தன. அசோகன் காலத்தில் இமயப்பகுதிக்கு அனுப்பப்பட்ட தேரர்களாக இலங்கை வம்ச நூல்கள் குறிப்பிடுவோரும் இவர்களே. கிழக்கிலங்கையில் இராசகல மலையிலுள்ள பிராமிச் சாசனம் ஒன்று, இத்தீவுக்கு வந்த இதிகர், மகிந்தர் என்னும் தேரர் இருவரின் தூபத்தைக் குறிப்பிடுகின்றது. மகிந்தரோடு வந்தவர்களுள் இட்டியர் என்பவரும் ஒருவர் என மகாவம்சம் கூறுவது இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. பல நூற்றாண்டுகள் கழித்து ஏட்டில் எழுதிய ஒருவர், தாம் கண்டிராத பேழைகளிலுள்ள பெயர்களைச் சரியாகச் சொல்கின்றார் எனில், அவர் கையில் உண்மையான பழைய மரபு ஒன்று இருந்தது என்றே கொள்ளல் வேண்டும். அதனைக் கட்டுக்கதை எனத் தள்ளுவோர் ஆராய்ச்சியையும் சேர்த்தே தள்ளுகின்றனர்.

எனினும், ஓரிடத்து மெய்யாயிருப்பது எல்லாவிடத்தும் மெய்யாயிருத்தலுக்குப் பிணையாகாது. மகிந்தர் என்றொருவர் வந்தார் என்பதற்குச் சாசனம் உண்டு. அவர் வான்வழியாகப் பறந்து மிகிந்தலையில் இறங்கினார் என்பதற்குச் சாசனம் இல்லை. அவர் அசோகனின் மைந்தர் என்கின்றது மகாவம்சம். 7ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த சீன யாத்திரிகர் யுவான் சுவாங்கோ அவர் அசோகனின் தம்பி எனக் கேள்வியுற்றார். அசோகனின் சாசனங்களில் தம்பபண்ணி என இலங்கையின் பெயர் உண்டு. சோழர், பாண்டியர், கேரளபுத்திரர், சத்தியபுத்திரர் ஆகியோரின் பெயர்களும் உண்டு. மகிந்தர் பெயரோ சங்கமித்தை பெயரோ இல்லை.

விசயன் முதலான ஆரம்ப மன்னரின் காலக்கணக்கை எடுத்துக்கொண்டால் நிலைமை இன்னுந் தெளிவாகும். விசயன் 38 ஆண்டு, பாண்டுவாசுதேவன் 30 ஆண்டு, அபயன் 20 ஆண்டு, பண்டுகாபயன் 70 ஆண்டு, மூத்தசிவன் 60 ஆண்டு ஆண்டனர். இடையே அரசனில்லாக் காலம் ஒரு முறை 1 ஆண்டும் மறுமுறை 17 ஆண்டும் கழிந்தது என்கின்றது நூல். கூட்டினால் 236 ஆண்டுகள் வரும். பண்டுகாபயன் முடிசூடும்போது 37 வயதினன் எனவும் நூலே கூறுதலின், அவன் 107 வயது வரை ஆண்டிருத்தல் வேண்டும். அவன் மகன் மூத்தசிவன் 60 ஆண்டு ஆண்டபின், மூத்தசிவனின் மகன் தேவநம்பிய தீசன் 40 ஆண்டும், அவன் சகோதரர் உத்தியன், மகாசிவன், சூரதீசன் ஆகியோர் பத்துப் பத்து ஆண்டுகளும் ஆள்கின்றனர். பின்னர்த் தமிழரான சேனனும் குத்திகனும் 22 ஆண்டு ஆள்கின்றனர். அவர்களை வென்று 10 ஆண்டு ஆளும் அசேலனும் மூத்தசிவனின் மகனே! தந்தை இறந்து 102 ஆண்டுகள் கழியும் வரை மகன் அரியணையில் இருந்தான் என்பதே இதன் பொருள். பாட்டனார் முடிசூடியது முதல் பேரன் மறைந்தது வரை 232 ஆண்டுகள்.

இக்கணக்கு ஏன் இவ்வாறு நீண்டது என்பது ஊகிக்கக் கூடியதே. புத்தர் பரிநிர்வாணம் எய்தி 218 ஆண்டுகளின்பின் அசோகன் முடிசூடினான் என்பது மரபு. விசயனின் வருகையைப் பரிநிர்வாண நாளோடு கட்டியபின், அன்றிலிருந்து அசோகன் காலம் வரையான வெளியை நிரப்புதற்கு மன்னர் போதவில்லை; ஆகவே மன்னரின் ஆயுள் நீட்டப்பட்டது. பரிநிர்வாண ஆண்டிலேயும் சிக்கல் உண்டு. கி.மு. 543 அல்லது 544 என்னும் மரபுக் கணக்கை அசோகன் காலத்தோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய 60 ஆண்டுகள் பிழைக்கின்றன. 1908இல் மகாவம்சத்தைப் பதிப்பித்து 1912இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட வில்ஹெல்ம் கைகர் அந்நூலின்பால் மிக்க மதிப்புடையவர். அவருங்கூட இப்பகுதியின் கணக்கை அவ்வாறே ஏற்றாரல்லர். ஜி. சி. மென்டிஸ் போன்ற சிங்கள வரலாற்றாசிரியர்களே விசயன் கதையையும் பண்டுகாபயன் கதையையும் ஐயுற்று ஆராய்ந்தவர்கள். தாய்மாமன்மாரின் கொலைமுயற்சிக்குத் தப்பி இடையர் நடுவே மறைந்து வளரும் பண்டுகாபயனில் கண்ணன் கதையின் சாயலும், கரையொதுங்கிய வணிகரை மயக்கும் யட்சினிகளின் கதையில் வலாஹஸ்ஸ சாதகத்தின் சாயலும் தோன்றுதல் தற்செயலன்று. உரோமையரின் ஆதி கதையில் ஓநாய் பாலூட்டியது. இலங்கையரின் ஆதி கதையிற் சிங்கம் பாட்டனாயிற்று. தோற்றக் கதைகளின் இயல்பு அதுவே.

மண்ணுக்கடியிற் கிடைத்த சான்று இக்கதையை இன்னும் ஒதுக்கிவிடுகின்றது. விசயன் வந்தபோது இத்தீவில் இயக்கரே இருந்தனர் என்கின்றது நூல். அனுராதபுரத்தில் சிரான் தெரணியகலவும் பின்னர் 1989 முதல் றொபின் கொனிங்ஹாமும் நடத்திய அகழ்வுகள், விசயனுக்குக் கற்பிக்கப்படும் காலத்துக்கு முன்னரேயே, கி.மு. முதலாம் ஆயிரவாண்டின் முற்பகுதியில், இரும்பைப் பயன்படுத்திய மக்கள் அங்கு வாழ்ந்தனர் எனக் காட்டின. அசோகன் காலத்துக்கு முற்பட்டனவாகக் கணிக்கப்பட்ட பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகளும் அங்கே கிடைத்தன. பொன்பரிப்பிலும், 1980இல் முத்திரையொன்று கண்டெடுக்கப்பட்ட ஆனைக்கோட்டையிலும் வெளிப்பட்ட பெருங்கற்பண்பாட்டுச் சின்னங்கள் தென்னிந்தியச் சின்னங்களோடு நெருங்கிய ஒற்றுமை உடையன. கப்பலொன்றில் வந்திறங்கிய எழுநூறு பேரிலிருந்து ஒரு நாட்டின் வரலாறு தொடங்கியது என்பதை இனி எவரும் பாடநூலில் எழுதுதல் தகாது.

அரசியல் ஒருமைப்பாடு பற்றிய செய்தியும் அத்தகையதே. அனுராதபுரத்திலிருந்து ஒரே மன்னன் முழுத்தீவையும் ஆண்டான் என்னும் தோற்றத்தை மகாவம்சம் தருகின்றது. பரணவிதான 1970இல் ஒரே தொகுதியாக வெளியிட்ட ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆதிப் பிராமிச் சாசனங்களோ வேறொரு காட்சியைத் தருகின்றன. ராஜ, காமணி என்னும் பட்டங்களோடு பல்வேறிடங்களிற் சிற்றரசர் ஆட்சி செலுத்தியமை அவற்றிற் புலனாகின்றது. போவத்தேகலச் சாசனம் குறிப்பிடும் பத்துச் சகோதரரின் குலம் இதற்கு ஒரு சான்று. இச்சாசனங்களிலேயே 'தமெட' எனக் குறிக்கப்பட்ட தமிழரும் உளர். வவுனியாப் பகுதியில் பெரியபுளியங்குளத்தில் குகையைத் தானஞ்செய்த தமிழ் வணிகன் விசாகன், அனுராதபுரத்தில் தமிழ்க் கிருகபதிகளுக்குரிய மேடையில் தன் பெயரைப் பொறித்த நாவிகன் ஆகியோர் படையெடுத்து வந்தோராகக் குறிக்கப்படவில்லை. வணிகராகவும் குடியிருப்போராகவும் தானம் அளிப்போராகவுமே குறிக்கப்படுகின்றனர். தமிழரைக் குதிரையிலும் தேரிலும் மட்டுமே கொணரும் வம்ச நூலுக்குக் கல்லிற் பொறித்த மறுப்பு இது.

இனி, நூலில் மிகவும் துர்ப்பயன் செய்யப்பட்ட பகுதியாகிய துட்டகைமுனு – எல்லாளன் போருக்கு வருவோம் எனின், அங்கே வழிபடுவோரும் தூற்றுவோரும் ஒருங்கே தடுமாறுவர். சோழநாட்டிலிருந்து வந்து 44 ஆண்டு ஆண்ட எல்லாளன், நண்பன் பகைவன் என்னும் வேறுபாடின்றி நீதி வழங்கினான் என்று எழுதியவர் மகாநாமரே. ஆராய்ச்சி மணியின் கதையையும், கன்றைக் கொன்ற மகனைத் தேர்க்காலிலிட்ட கதையையும் அவர் எல்லாளன்மேல் ஏற்றிச் சொல்கின்றார். அதே கதை தமிழ்நாட்டில் திருவாரூர் மனுநீதிச் சோழன் கதையாகப் பெரியபுராணத்தில் இடம்பெறுவதைத் தமிழ் மாணவர் யாவரும் அறிவர். எல்லாளனின் தேர் தட்டித் தூபமொன்றின் 15 கற்கள் பெயர்ந்தபோது, அதற்காகத் தன் தலையையே தர முன்வந்து, பின்னர் 15,000 காசு செலவிட்டு அதனைச் செப்பனிட்டான் என்பதும் அந்நூற் செய்தியே. சேனனும் குத்திகனும் தருமப்படி ஆண்டனர் என்பதும் அங்குண்டு. துட்டகைமுனுவின் பத்து மாவீரருள் ஒருவனான நந்திமித்தன், எல்லாளனின் சேனாபதி மித்தனின் சகோதரி மகன் ஆவான். வென்றவன், தோற்றவனுக்குச் சமாதி எடுத்து, அவ்வழிச் செல்வோர் இசையை நிறுத்துமாறு ஆணையிட்டான். இவை யாவும் மேடைகளிற் பேசப்படுவதில்லை.

பேசப்படுவது வேறொரு பகுதி. போரில் மாண்டோரை எண்ணி மன்னன் வருந்தியபோது, அவனைத் தேற்ற வந்த எட்டு அரகந்தர், கொல்லப்பட்டோருள் மனிதராகக் கொள்ளத்தக்கோர் ஒன்றரைப் பேரே என்றும், ஏனையோர் விலங்குகளுக்கு ஒப்பானவர் என்றும் கூறினர் என நூல் சொல்கின்றது. கொல்லாமையை முதற் சீலமாகக் கொண்ட ஒரு சமயத்தின் பெயரால் எழுதப்பட்ட இவ்வரிகள், கி.மு. 2ஆம் நூற்றாண்டில் யாது நிகழ்ந்தது என்பதற்குச் சான்றாகா; நூல் எழுந்த காலத்தில், நிறுவனமாகிவிட்ட சமயம் அரசின் வாளுக்கு எவ்வாறு நியாயம் கற்பித்தது என்பதற்கே சான்றாகும். அவ்வகையில் அவை மிகவும் பெறுமதியான வரலாற்றுச் சான்றே. அதனை வரலாற்று நிகழ்ச்சியாக நம்புவோனும், பொய்யென வீசுவோனும் அந்தப் பெறுமதியை இழந்துவிடுகின்றனர்.

அனுராதபுரத்தில் எல்லாளன் சமாதி என நெடுங்காலம் வழங்கிவந்த மேட்டின் கதை இங்கு நினைக்கத்தக்கது. 1818ஆம் ஆண்டுக் கிளர்ச்சி தோல்வியுற்றபின் தப்பியோடிய கண்டிப் பிரதானி பிலிமத்தலாவை, களைப்புற்றிருந்தும் பல்லக்கினின்று இறங்கி, அவ்விடத்தைக் கடக்கும் வரை நடந்தே சென்றான் என மேஜர் போப்ஸ் எழுதியுள்ளார். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நிலைத்த அந்தப் பெருந்தன்மை 20ஆம் நூற்றாண்டின் கல்விமான்களுக்கு வாய்க்கவில்லை. அம்மேடு தக்கிண தூபம் எனப் பரணவிதானவால் இனங்காணப்பட்டது. அங்குக் கிடைத்த சாம்பல் துட்டகைமுனுவுடையதே எனும் கருத்தும் எழுந்தது. இதனை எதிர்த்து 1981இல் ஜேம்ஸ் ரி. இரத்தினம் தனிநூல் எழுதினார். மேடு தூபமா, சமாதியா என்பது தொல்லியல் தீர்க்கவேண்டிய வினா. ஆனால் தோற்றவனின் நினைவிடம் வென்றவனின் நினைவிடமாகப் பெயர் மாறுதற்கு ஒரு தேசத்தில் இத்தனை ஆர்வம் பிறப்பது தொல்லியல் வினா அன்று.

நூலின் மௌனங்களும் பேசுவனவே. அபயகிரியார்க்கும் தமக்கெனப் பழைய வரலாற்று நூல் இருந்தமை மகாவம்ச உரையிலிருந்து தெரியவருகின்றது, அது கிடைத்திலது. மகாசேனனைத் தூண்டி மகாவிகாரையை அழிப்பித்தவராக நூல் சாடும் சங்கமித்திரர் சோழநாட்டுப் பௌத்த பிக்கு. நூலின் இறுதியில் வரும் கடும் பகைவர் சைவர் அல்லர், மற்றொரு பௌத்தரே என்பது கவனிக்கத்தக்கது. பிற்காலத் தொடர்ச்சியாகிய சூளவம்சத்தின் நிலையும் இவ்வாறே. பாண்டிய மன்னன் தன் முடியை இலங்கையில் விட்டுச் சென்றான் என அந்நூல் கூறுவதை, அம்முடியை ஈழத்தரசரிடமிருந்து கைப்பற்றியதாகப் பெருமை பேசும் முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி உறுதிசெய்கின்றது. பகைவர் இருவர் ஒரு செய்தியில் உடன்படின் அது பெரும்பாலும் உண்மையே. ஆனால் முதலாம் பராக்கிரமபாகு பாண்டிநாட்டுக்கு அனுப்பிய இலங்காபுரன் வெற்றிமேல் வெற்றி பெற்றதோடு சூளவம்சம் கதையை முடிக்கின்றது. அவன் கொல்லப்பட்டு அவன் தலை மதுரை வாயிலில் அறையப்பட்டது எனச் சோழரின் பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டுக் கூறுகின்றது. வெற்றியை இருசாராரும் எழுதுவர். தோல்வியை எதிரியின் கல்வெட்டிலேயே தேடவேண்டும்.

மகாவம்சத்தை இத்துணைக் கூர்ந்து ஆராயும் தமிழ் அறிவுலகம், தன் வீட்டு ஏடுகளை அதே கண்கொண்டு நோக்குகின்றதா என்பதே அடுத்த வினா. ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலை, விசயனைச் சிவபக்தனாக்கி அவனைக் கொண்டு கோயில்களைக் கட்டுவிக்கின்றது. குதிரைமுகம் கொண்ட சோழ இளவரசி கீரிமலையில் நீராடி அம்முகம் நீங்கப்பெற்றாள் என்கின்றது. சிங்கம் பாட்டனாதல் நகைப்புக்குரியது எனின், குதிரைமுகம் மட்டும் எங்ஙனம் வரலாறாகும்? பெயரளவிற் கல்வெட்டாகவும் உண்மையில் ஏட்டு நூலாகவும் உள்ள கோணேசர் கல்வெட்டு, குளக்கோட்டனின் திருப்பணி பற்றிய ஐயத்துக்கிடமற்ற சாசனம் போல எத்தனை கட்டுரைகளில் எடுத்தாளப்படுகின்றது! சுவாமி ஞானப்பிரகாசர் 1928இலேயே 'யாழ்ப்பாண வைபவ விமர்சனம்' எழுதிக் காட்டிய வழி, பின்வந்தோரால் போதியளவு பின்பற்றப்படவில்லை. 1936இல் வல்லிபுரத்திற் கிடைத்த பொற்சாசனம் இன்னொரு சோதனை. நாகதீபத்தில் வசப மன்னனின் அமைச்சன் ஆட்சிபுரிந்த காலத்தில் விகாரையொன்று அமைக்கப்பட்டதாக அது பிராகிருத மொழியிற் கூறுகின்றது. அதனைக் கொண்டு யாழ்ப்பாணக் குடாநாட்டில் இன்று வாழ்வோரின் உரிமையை மறுப்போரும், அவ்வுரிமைக்கு அஞ்சி அச்சாசனத்தைப் பற்றிப் பேசாது விடுவோரும் ஒரே பிழையையே புரிகின்றனர்: பௌத்தம் என்றால் சிங்களம் என இருவரும் கொள்கின்றனர். மணிமேகலையைப் படைத்த மொழியினர் இப்பிழையைச் செய்தல் விந்தையே. நாக மன்னர் இருவர் மணியாசனம் ஒன்றுக்காகப் பொருதனர் என்பதும், புத்தர் அதனைத் தீர்த்துவைத்தார் என்பதும் மகாவம்சத்திலும் உண்டு, மணிமேகலையிலும் உண்டு.

'மாற்றார் தம் புராணத்தை ஆயுதமாக ஏந்தும்போது, தமிழர் மட்டும் தம் ஏடுகளை விமர்சனத் தராசில் இடவேண்டுமோ?' என வினவுவோர் உளர். இவ்வினா உணர்ச்சியளவில் விளங்கிக்கொள்ளக் கூடியது. அறிவளவில் ஏற்கத் தகாதது. பொய்யான அளவுகோலை எதிர்க்க இன்னொரு பொய்யான அளவுகோலை எடுப்பவன், முன்னையதன் நியாயத்தை ஒப்புக்கொண்டவனாகின்றான். 'யார் முன்னர் வந்தார்?' என்பதே உரிமையைத் தீர்க்கும் கேள்வி என்னும் அடிப்படையை அவனும் ஏற்றுக்கொண்டு, விடையில் மட்டுமே வேறுபடுகின்றான். அவ்வடிப்படையின் கொடுமையை அறிய வெகுதூரம் செல்லவேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியபோது, எல்லாளன் ஆண்ட 44 ஆண்டுகளும் அவர்களுக்கு உதவவில்லை. பெரியபுளியங்குளத்துச் சாசனமும் உதவவில்லை. 19ஆம் நூற்றாண்டில் வந்து காட்டை வெட்டிக் கோப்பியும் தேயிலையும் வளர்த்தோரின் உரிமை, உழைத்து வாழ்ந்த வாழ்க்கையிலிருந்து பிறந்தது. தொன்மையையே உரிமையின் ஊற்றாகக் கொள்ளும் தமிழர், அவர்களை மீண்டும் ஒருமுறை நாடற்றவராக்குகின்றனர். முஸ்லிம்கள், மலாயர், பறங்கியர் ஆகியோருக்கும் இந்த நியாயம் இடமளிப்பதில்லை.

ஆதலின் செய்யத்தக்கது இரண்டு. முதலாவது, குடிமக்களின் உரிமையைப் பண்டைய ஏடுகளின் பிடியிலிருந்து விடுவித்தல். மகாவம்சத்தின் ஒவ்வொரு செய்யுளும் மெய்யென நாளை நிறுவப்படினும் ஒரு தமிழனின் உரிமை அணுவளவும் குறைவதற்கில்லை. அனைத்தும் பொய்யென நிறுவப்படினும் அணுவளவும் கூடுவதற்கில்லை. இரண்டாவது, அந்த ஏடுகளை அரசியல்வாதிகளின் பிடியிலிருந்து விடுவித்தல். 1979இல் ஆர். ஏ. எல். எச். குணவர்த்தன சிங்கள அடையாளத்தின் வரலாற்று வளர்ச்சியை ஆராய்ந்து எழுதினார், 2006இல் கா. இந்திரபாலா இலங்கைத் தமிழர் ஓர் இனக்குழுவாக உருப்பெற்றமையை ஆராய்ந்து எழுதினார். இருவரும் தத்தம் சமூகத்தின் கற்பனைகளையே முதலில் விசாரணை செய்தனர் என்பதே அவர்தம் ஆய்வின் பெறுமதி.

அத்தகைய ஆய்வு தொடரவேண்டுமெனின் அதற்குக் கருவி வேண்டும். பாளியும் பிராகிருதமும் அறியாது மகாவம்சத்தை எதிர்ப்பதும், பிராமி எழுத்தை வாசிக்கத் தெரியாது சாசனங்களைப் பற்றி முழங்குவதும் பல்கலைக்கழகத்துக்கு இழுக்கு. பாளியைப் பிக்குமாரின் மொழியென்றும், தமிழைத் தமிழரின் மொழியென்றும் பிரித்துவைத்த பாடவிதானம், ஒவ்வொரு சாராருக்கும் பாதி வரலாற்றையே கற்பிக்கின்றது. தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயிலும் மாணவருட் சிலரேனும் பாளி கற்று மகாவம்சத்தை மூலத்தில் வாசிக்கவும், சிங்கள மாணவருட் சிலரேனும் தமிழ் கற்றுச் சோழர் கல்வெட்டுகளை மூலத்தில் வாசிக்கவும் வழி செய்யப்படுமாயின், இரு மேடைகளிலும் ஒலிக்கும் முழக்கங்களிற் பாதி தாமாகவே அடங்கிவிடும். அதுவரை மகாவம்சம் வணங்கப்படும், தூற்றப்படும்; வாசிக்கப்படமாட்டாது.